தளத்தை மறைக்கும் அலங்காரம்

புதிதாகத் தனிவீடு கட்டுவோரின் உள்வேலைப் பட்டியலில் ஃபால்ஸ் சீலிங் யாரும் கேள்வி கேட்காத செலவாகிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்குள் ஹாலில் ஜிப்சம் போர்டு ஏறி, ஓரத்தில் கோவ் லைட் எரிந்தாக வேண்டும். இதற்காக வாதாடும் வடிவமைப்பாளர்கள் அழகோடு நிறுத்துவதில்லை. நம் வெயிலுக்கு இது அவசியம் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாதத்தை அப்படியே விட்டுவிட முடியாது.

நன்மைகள் உண்டு. ஒயர்களும் ஏசி குழாய்களும் மறைகின்றன. வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் பரவுகிறது. மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில், இடைவெளியில் இன்சுலேஷனும் வைத்தால், வெக்கை குறையும்.

ஆனால் மாடி வீட்டின் கீழ்த்தள ஹாலுக்கு மேலே இருப்பது இன்னோர் அறை, வெயில் அல்ல. மேல்மாடியிலும் வெப்பத்தைத் தடுக்க வேண்டிய இடம் தளத்தின் மேற்பக்கம்தான். அந்தக் காலத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள்: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் செங்கல்சல்லியும் சுண்ணாம்பும் இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்தார்கள். உயரமும் கணக்கில் வருகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஏசி இல்லாத அறைக்கு 2.75 மீட்டர் கேட்கிறது. 10 அடி அறையில் ஓர் அடி இறக்கினாலே அந்த வரம்பை முட்டிவிடுகிறோம்.

இவை சில்லறைக் குறைகள். பெரிய குறை, கான்கிரீட் தளம் வீட்டுக்காரரின் கண்ணிலிருந்தே மறைந்துபோவது.

வெறும் பூச்சும் வெள்ளையும் கண்ட தளம் தன் நோயை உடனே காட்டிக்கொடுக்கும். மாடிக் குளியலறைக் குழாய் இணைப்பு கசிந்தால் கீழே மஞ்சள் கறை படரும். மொட்டைமாடியில் விரிசல் விழுந்தால் முதல் மழையிலேயே ஓதம் தெரியும். மேஸ்திரியைக் கூப்பிட்டு அன்றைக்கே சரிசெய்யலாம். ஜிப்சம் போர்டு அடித்த வீட்டில் அந்த நீர் சத்தமில்லாமல் தளத்துக்குள் ஊறுகிறது. வழக்கமான வீட்டுத் தளத்தில் கம்பிக்குக் கீழே இருப்பது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கான்கிரீட். ஈரம் அதைக் கடந்து கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் தேவை. அது உப்பி, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். போர்டு தொங்கி, கறை வெளியே தெரியும்போது பழுது முற்றியிருக்கும்.

ஈரம் தாங்கும் பச்சை போர்டு இருக்கிறதே என்பது வழக்கமான பதில். அது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும். தேங்கி நிற்கும் நீரை அல்ல. சாதாரண போர்டைவிடக் கூடுதல் நாள் அது தாக்குப்பிடித்தால், கசிவும் அத்தனை நாள் கூடுதலாக மறைந்திருக்கும். பாதுகாப்பு என்று விற்கப்படுவது நோயறிதலைத் தள்ளிப்போடுகிறது.

தளத்தை மறைக்காமலே அழகாக்க முடியும் என்பதற்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வீடுகளே சாட்சி. ஃபில்லர் ஸ்லாப் முறையில், தளத்தின் அடிப்பகுதியில் வேலை செய்யாத கான்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளை வைத்தார். கான்கிரீட் மிச்சமானது, கீழிருந்து பார்த்தால் ஓடுகளின் வரிசையே அலங்காரம். தளம் முழுக்கத் திறந்தே இருந்தது.

மறைத்தே தீர வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. அலுவலகங்களில் 2 அடிச் சதுரப் பலகைகளைச் சட்டத்தில் வெறுமனே வைக்கிறார்கள்; வேண்டியபோது கையாலேயே தூக்கி மேலே பார்க்கலாம். ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று வீடுகள் ஒதுக்கியது இந்த நல்ல ஏற்பாட்டைத்தான். இணைப்பே தெரியாமல் பட்டி பார்த்து மூடிய கூரையில் ஆள் எட்டிப் பார்க்க ஒரு திறப்புகூட விடாத ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. குளியலறைக்குக் கீழே வரும் இடத்தில் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதை வரைபடம் போடும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.