முடக்கில் சாயாத மைனர்

கந்தப்பளை, இராகலை தாண்டி உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில் முடக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வெளிவந்த மொரிஸ் மைனருக்கு இதுதான் பரீட்சை மண்டபம். முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீண்ட உருக்குத் தண்டு முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும். பின்னால் பட்டை ஸ்பிரிங். பழைய நெம்புகோல் சொக் அப்சோபரில் எண்ணெய் குறைந்தால், ஒரு குழிக்கு மூன்று குதி குதிக்கும்.

அந்தக் குதிப்பை அடக்க, கராஜ் பாஸ் பின்சக்கரங்களுக்குக் குழாய் சொக் பொருத்துவார். முன்னால் அவசரப்படமாட்டார்: அங்கே பழைய சொக்கின் கைதான் சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கையும். தேய்ந்த இறப்பர் புஷ்களை மாற்றி, கடைசியில் பொனட் ஓரத்தை அமுக்கி விடுவார். வண்டி ஒருமுறை எழுந்து, அப்படியே நிற்கும். அந்த அமைதிதான் அவருடைய கையெழுத்து.