கோயம்புத்தூர் தாயி: குரலும் தட்டின் வேகமும்

சிறுசேரியில் ராத்திரி கம்பெனி பஸ்கள் ஓய்ந்த பிறகுதான் பழைய இசைத்தட்டு கேட்க முடிகிறது. இரைச்சலுக்கு நடுவே இன்னொரு இரைச்சல் எதுக்கு? இந்த வாரம் முழுக்கக் கோயம்புத்தூர் தாயி.

பிறப்பு 1872, மறைவு 1917. பழனிகுஞ்சரம் என்பது இயற்பெயர். தேவதாசி மரபில் வந்தவர். சென்னையில் பாடிப் புகழ் பெற்றார். கிராமபோன் நம்ம ஊருக்கு வந்த புதிதிலேயே நிறைய தட்டுகள் கொடுத்தார்.

அவரை அறிமுகப்படுத்தும்போது பலரும் மோரிஸ் தெலாழிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ராவெலின் மாணவர், 1912 வாக்கில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர். தாயியின் தட்டைக் கேட்டு ‘ராகமாலிகா’ என்று ஒரு பாட்டு எழுதினார். சொற்கள் தமிழ், பக்கத்தில் பியானோ. அதில் ஒரு கம்பியை அட்டை வைத்து அடக்கச் சொல்கிறார், தாள வாத்தியம் மாதிரி கேட்கணுமாம். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பாரிஸ் மெச்சியது என்பதால்தான் தாயி பெரியவரா? அது தெலாழின் காதுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு.

நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ‘மேலைநாட்டு சோப்ரானோக்களுக்கு ஈடான உச்சக்குரல்’ என்று முன்பு எழுதினேன். அவசரம். 78 என்று பெயரே தவிர, அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் நிமிஷத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிடும். பிர்காவும் வேகமாகிடும். நான் வியந்ததில் பாதி மோட்டாரின் சாமர்த்தியமாகக்கூட இருக்கலாம்!

சரி, அதைக் கழித்தால் என்ன மிச்சம்? நிறைய. வேகம் மாறினாலும் ஸ்வரங்களுக்கு இடையேயான விகிதம் மாறாது. அகாரத்தில் நீளும் பிடிகளில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. மேல் ஷட்ஜத்தைத் தடவித் தேடுவதில்லை, நேராகப் போய் நிற்கிறார். மைக் கிடையாது, ஊதுகுழல் ஒன்றுதான். பாடுவதற்கு மூணு, மூணரை நிமிஷம். அதற்குள்ளும் பதற்றம் தெரியவில்லை. ‘தட்டில் பாட நேரம் போதாது, பாவம்’ என்று பரிதாபப்படுகிறவர்களோடு இதனால்தான் எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த அளவுக்குத் தக்கபடி யோசித்துப் பாடியிருக்கிறார்.

நேற்று கணினியில் வேகத்தைக் குறைத்து அதே தட்டை மறுபடி போட்டேன். குரல் கொஞ்சம் கனத்தது. ஒரு நடுவயதுப் பெண் பாடுகிற மாதிரி இருந்தது. இதுதான் சரியான சுருதி என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ‘உச்சக்குரல்’ என்ற சொல்லைப் பழைய கட்டுரையிலிருந்து எடுத்துட்டேன்.