ஐந்தாம் பாடத்துக்குப் பின்

கிறிஸ்து பிறப்புக் கீத ஆராதனையை நாம் பெரும்பாலும் இசையாகவே கேட்கிறோம். நான் அதை ஒரு தொகைநூலாக வாசிக்க விரும்புகிறேன். எந்தத் தொகையிலும் பாடல்கள் மட்டும் பேசுவதில்லை. தேர்வும் வரிசையும் விடுபட்டவையும் சேர்ந்தே பேசுகின்றன. அகநானூற்றையும் புறநானூற்றையும் இப்படி வாசிக்க மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையில் தரப்படும் ஆராதனைத் தாளையும் அப்படி வாசிக்கலாம்.

ஒன்பது வேதபாடங்கள், இடையிடையே பாடல்கள் என்ற இந்த அமைப்பு 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் தொடங்கியது. பேராலயம் கட்டி முடிக்கப்படாததால் மரக்கொட்டகை ஒன்றில் பிஷப் எட்வர்ட் வைட் பென்சன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அதை நடத்தினார். 1918இல், முதல் உலகப் போர் ஓய்ந்த சில வாரங்களில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு எரிக் மில்னர்-வைட் அதைக் கொண்டுவந்தார். 1928இல் பிபிசி வானொலி அதை ஒலிபரப்பத் தொடங்கியபின் அது உலகெங்கும் மாதிரி வடிவமானது. நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் டிசம்பரில் நடப்பதும் அதன் வழிவந்ததுதான்.

கதை ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. ஒளிந்துகொண்ட ஆதாம், கேள்வி கேட்கப்பட்டதும் ஏவாளைக் கைகாட்டுகிறான். ஒரு பெண்ணின் மீதான குற்றச்சாட்டுடன் திறக்கும் கதையாடல் இது. பின் ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம், ஏசாயாவின் தீர்க்கதரிசனங்கள். ஐந்தாம் பாடத்தில் காபிரியேல் தூதன் மரியாளிடம் வருகிறான். ஆறாவதில் பிறப்பு, ஏழாவதில் மேய்ப்பர்கள், எட்டாவதில் ஞானிகள். ஒன்பதாவது யோவான் நற்செய்தியின் தொடக்கம்.

ஐந்தாம் பாடம் லூக்கா முதல் அதிகாரம் 38ஆம் வசனத்தில் முடிகிறது. மரியாள் ஒரு கேள்வி கேட்கிறாள், பிறகு சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதத்தோடு பாடம் நின்றுவிடுகிறது. ஆறாம் பாடம் இரண்டாம் அதிகாரத்தில், ராயனின் குடிமதிப்புக் கட்டளையில் தொடங்குகிறது. இடையில் இருப்பது என்ன? மரியாள் எழுந்து மலைநாட்டுக்கு விரைகிறாள். முதிய வயதில் கருவுற்ற எலிசபெத்தைச் சந்திக்கிறாள். இரண்டு கர்ப்பிணிகள், ஆண்கள் எவரும் குறுக்கிடாமல், தங்கள் உடலுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு மரியாள் பாடுகிறாள். வலியவர்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும், தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படுவதையும், பசித்தவர்கள் நிறைவதையும், செல்வர்கள் வெறுங்கையோடு போவதையும் பாடுகிறாள். பாடல்களுக்கென்றே நடக்கும் ஆராதனையில், இந்தக் கதையில் ஒரு பெண் பாடிய பாட்டு பாடங்களுக்குள் வரவில்லை.

ஆங்கிலிக்கன் மரபின் மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டு நாள்தோறும் உண்டு என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அங்கே அது கதையிலிருந்து பிரிந்த துதிப்பாடல். யார், யாரிடம், எந்த உடல்நிலையில் பாடினாள் என்பது அங்கே கேட்காது. ஆண்டுக்கொருமுறை தேவாலயம் வருபவர்கள் மாலை ஆராதனைக்கும் வருவதில்லை. அவர்கள் கேட்டுப்போகும் மரியாள் சம்மதித்தவள் மட்டுமே.

இந்த வெட்டு தற்செயலா என்று பார்க்க மற்றப் பாடங்களின் விளிம்புகளையும் பார்த்தேன். ஏழாம் பாடம் 16ஆம் வசனத்தில் நிற்கிறது. நடந்ததையெல்லாம் மரியாள் மனத்தில் வைத்துச் சிந்தித்தாள் என்பது மூன்று வசனம் தள்ளி இருக்கிறது. தேவாலயத்தில் குழந்தையைக் கண்டு எல்லாரிடமும் பேசிய முதிய தீர்க்கதரிசி அன்னாள் அதே அதிகாரத்தில் இருந்தும் வரவில்லை. எட்டாம் பாடம் ஞானிகள் ஊர் திரும்புவதோடு முடிகிறது. ஏரோது குழந்தைகளைக் கொன்றதும், ஆறுதல் மறுத்து அழும் ராகேலின் குரலும் அடுத்த சில வசனங்களில் உள்ளன. மில்னர்-வைட் பெண்களை விலக்கத் திட்டமிட்டார் என்று நான் சொல்லவரவில்லை. மீட்பின் கதையை ஒரே நேர்க்கோடாகச் சொல்வது அவர் நோக்கம். அந்தக் கோட்டை நேராக்கும்போது உதிர்ந்தவை பெண்ணின் சிந்தனையும் பேச்சும் ஒப்பாரியும் என்பதே என் கவனம்.

பாடல்களிலும் இதே கை வேலை செய்கிறது. முதல் பாடத்தை ஒட்டிப் பல ஆராதனைகளில் பாடப்படும் ‘ஆதாம் லே இபவுண்டன்’ 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் கிடைத்த பாட்டு. கனி எடுக்கப்படாதிருந்தால் மரியாள் விண்ணரசி ஆகியிருக்கமாட்டாள் என்று அது பாவத்தையே கொண்டாடுகிறது. துணிச்சலான கற்பனை. ஆனால் கனி எடுக்கப்பட்டதைச் செயப்பாட்டு வினையில் சொல்லிவிடுகிறது. பழி சொல்லும்போது எழுவாயாக இருந்த ஏவாள், புகழும்போது காணாமல்போகிறாள்.

கிறிஸ்டினா ரோசெட்டியின் ‘இன் த பிளீக் மிட்விண்டர்’ 1872இல் அச்சானது. அந்தக் குழந்தைக்குத் தாயின் முலைப்பால் போதும் என்றும், வானவர் கூட்டம் சூழ்ந்திருக்க முத்தமிட்டு வணங்கியவள் தாய் ஒருத்தியே என்றும் எழுதினார். ஹரால்ட் டார்க் இசையமைத்தபோது முத்தம் வரும் சரணத்தை விட்டுவிட்டார், முலைப்பாலை நெஞ்சின் மகிழ்ச்சியாக மாற்றினார். பிற்காலப் பதிப்புகளில் பால் திரும்பி வந்திருக்கிறது. அம்மையின் பாலை ஞானப்பாலாகப் பாடிய மொழியில் வளர்ந்த நமக்கு, பால் என்ற சொல்லில் என்ன கூச்சம் என்று கேட்கத் தோன்றும்.

பெண் எழுதினாலே போதும் என்பதும் இல்லை. ஊர்வலத்தின்போது ஒரு சிறுவன் தனிக்குரலில் தொடங்கும் ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’ 1848இல் சிசில் ஃபிரான்சிஸ் அலெக்சாண்டர் என்ற பெண் குழந்தைகளுக்காக எழுதியது. அதில் மரியாள் சாந்தமானவள், இயேசு கீழ்ப்படிந்தவர், குழந்தைகளும் அப்படியே இருக்கவேண்டும். கீழ்ப்படிதலைப் பெண்ணே அழகான மெட்டில் கற்றுத்தருவதும் நமக்குப் பழகியதுதான்.

கிங்ஸ் கல்லூரி 1972இல் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. அதன் முதன்மைப் பாடகர் குழுவில் இன்றும் சிறுவர்களும் ஆண்களுமே பாடுகிறார்கள். பக்கத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் குழு 2022 முதல் பெண்களைச் சேர்த்திருக்கிறது. நம் சபைகளில் நிலை வேறு. சோப்ரானோவும் ஆல்ட்டோவும் பெண்களுடையவை, குழுவைத் தாங்குவதே அவர்கள்தான். ஆனால் வாசிப்பவர் வரிசையைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் பாடகச் சிறுவனில் தொடங்கிக் கல்லூரித் தலைவரில் முடிகிறது. நான் போயிருக்கும் ஆராதனைகளில் ஞாயிறு பள்ளிக் குழந்தையில் தொடங்கி ஆயரில் முடிகிறது. மாதர் சங்கத்துக்கு அநேகமாக ஐந்தாம் பாடம் கிடைக்கும். சம்மதத்தின் வசனத்தை வாசித்துவிட்டு ஒரு பெண் இருக்கைக்குத் திரும்புவாள்.

நம் மரபில் வேறு வழி இருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமின் கதையைச் சொல்லக் குறவஞ்சியைத் தேர்ந்தெடுத்தார். குறவஞ்சியில் ஊர் சுற்றியவளும், அறிந்தவளும், குறி சொல்பவளும் பெண். ஞானச்சிங்கி பேச, தேவமோகினி கேட்கிறாள். எழுதியவர் ஆண்தான், ஆனாலும் நற்செய்தி ஒரு பெண்ணின் வாயிலிருந்து இன்னொரு பெண்ணின் காதுக்குப் போகிறது. எலிசபெத்தின் வீட்டில் நடந்ததும் அதுதானே.

தமிழ் வேதாகமம் நமக்கு இன்னொரு வாசலும் திறக்கிறது. மரியாளின் பாட்டுக்கு முன்னோடி, சாமுவேலின் தாய் பாடிய பாட்டு. அவள் பெயரும் அன்னாள், தேவாலயத்து முதியவளின் பெயரும் அன்னாள். ஆங்கிலம் இரண்டு பெயர்களாகப் பிரித்ததைத் தமிழ் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பாடுகிறவர்களுக்கு ஒரு தாய்வழி இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

ஆராதனையைக் கலைக்கவேண்டியதில்லை. அந்த நான்கு குரல்களின் ஒத்திசைவு எனக்கும் பிடித்ததே. ஐந்தாம் பாடத்தை 38இல் நிறுத்தாமல் 55 வரை வாசிக்கட்டும். கூடுதலாகப் பதினேழு வசனங்கள், சில நிமிடங்கள். பாடகர் குழுவில் நிற்கும் பதினான்கு வயதுப் பெண், மரியாள் சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை, எழுந்து போய்ப் பாடினாள் என்பதை டிசம்பரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.