எண்களுக்குச் சுருதி சேர்ப்பது

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசையும் கற்கலாம், பொறியியலும் கற்கலாம். காரின் இசியூவை, அதாவது இஞ்சினை ஆளும் கணினியை, ரீமேப் செய்வது (அதிலுள்ள எண்களை மாற்றி எழுதுவது) இரண்டுக்கும் உறவுக்காரக் கலை. மிருதங்கத்தின் தொப்பியில் பூசும் ரவை கூடினாலும் குறைந்தாலும் நாதம் கெடும். இங்கே ரவைக்குப் பதில் எண்கள். இஞ்சின் சுற்று ஒருபுறம், சுமை மறுபுறம். இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவு டீசல், இவ்வளவு டர்போ அழுத்தம் என்று ஓர் எண். வெயிலையும் மட்டமான எரிபொருளையும் தாங்கட்டும் என்று கம்பெனி அவற்றில் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறது. கைதேர்ந்த ட்யூனர் புழங்குவது அந்த இடைவெளியில்தான். கடலூர்–சிதம்பரம் சாலையில் பஸ்ஸை முந்த வேண்டியது உச்ச வேகமல்ல, 2,000 சுற்றையொட்டிய இழுவை. அதை மட்டும் அளவாகக் கூட்டி, மற்றதைத் தொடாமல் விடுவதே ரசனை.

இஞ்சின் ஆயுள் குறையாதா, வாரண்டி போகாதா என்பார்கள். நியாயமான கேள்விகள்தான், பேராசைப்பட்டால் கிளட்சும் டர்போவும்தான் முதலில் அடிவாங்கும். 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டை மென்பொருளால் முடக்குவது கலையல்ல, குற்றம். ஆனால் இவை கையின் பிழைகள், கலையின் பிழைகள் அல்ல. நல்ல கை, பழைய ஃபைலைப் பத்திரப்படுத்திவிட்டே புதியதை ஏற்றும். ஓட்டிப் பார்த்து, வெப்பத்தை அளந்து, தேவையானால் பின்வாங்கும். கறுப்புப் புகை கக்கும் கார் வீரமானதல்ல. காசு கொடுத்து வாங்கிய டீசலை முழுதாக எரிக்காமலே காற்றில் விடுகிறது.