சூரைச்செடியின் கீழ் முதியோர்: நம் அருளுரை மரபு பற்றிய ஒரு திறனாய்வு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இளையோர் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட, சிற்றூர்ச் சபைகளில் எஞ்சியிருப்போருள் பலர் முதியோரே. அமெரிக்க மதுரை மிஷன் பணியாற்றிய மண்டபசாலை இப்பகுதியிலேயே உள்ளது. தலைமுறை தலைமுறையாக அருளுரை கேட்டுவந்த குடும்பங்கள் இங்கு உண்டு. இம்முதியோரைச் சந்திக்கும் ஆயர் அடிக்கடி கேட்கும் வினா, "ஆண்டவர் என்னை எப்போது எடுத்துக்கொள்வார்?" என்பதாகும். இவ்வினாவை நம் அருளுரை மரபு எவ்வாறு கேட்டுவந்துள்ளது என்பதை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

நம் மரபில் இதற்கு இருவகை மறுமொழிகள் உள. பரலோக ஏக்கம் எனப் புகழ்வது ஒன்று. அவிசுவாசம் எனக் கண்டிப்பது மற்றொன்று. பின்னதற்கு 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் ஆதாரமாகிறது. சாக விரும்பிய எலியா விசுவாசத்தில் தளர்ந்தான், ஓரேபில் கேட்ட மெல்லிய சத்தம் அவனைத் திருத்திற்று என்பதே வழக்கமான விளக்கம். இவ்விளக்கம் பகுதியின் முற்பாதியைக் காணாது கடந்துபோகிறது. சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்தவனைத் தூதன் கண்டிக்கவில்லை. தொட்டெழுப்பினான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான், செல்லவேண்டிய வழி நெடிதென்று உணர்ந்து, இரண்டாம் முறையும் உண்ணச் செய்தான். கடவுளின் வினா இதன் பின்னரே, நாற்பது நாள் நடைக்கு அப்பால் வருகிறது. எலியாவுக்கு நோய்ப்பெயர் சூட்டுதல் நம் நோக்கமன்று. உடலைப் பேணுதலும் இறைவனின் அருட்செயலே என்பதை வேதபகுதி தெளிவாக்குகிறது என்பதே நம் கருத்து.

முதியோர் மனநல மருத்துவத்தை விரும்பார் என்பதும் நாம் எளிதில் ஏற்றுக்கொண்ட கூற்றாகும். 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, முதியோருள் பெரும்பான்மையோர் உதவி நாடுவதில் நல்லெண்ணமே கொண்டிருந்தனர் எனக் கண்டது. நம் ஊர்களிலும் உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை ஆகியவற்றுக்காக முதியோர் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லவே செய்கின்றனர். அவர்கள் அஞ்சுவது மருத்துவரையன்று. 'பைத்தியம்' என்னும் பெயரையும், அதனால் பிள்ளைகளுக்கு வரும் தலைகுனிவையுமே. 2015-16ஆம் ஆண்டுகளின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய்களால் துன்புறுவோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் காட்டிற்று. இப்பெயரச்சத்தைக் களைய வேண்டிய அருளுரைப் பீடம் 'அவிசுவாசம்' என்னும் இன்னொரு பெயரையும் சேர்த்துவிடுகிறது.

அண்டை மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கிரையாயினர். அதனைப் பிற சமயத்தாரின் குறையென நாம் ஒதுக்கிவிடலாகாது. ஜெபம் போதும் என்று கூறி நோயாளரை மருத்துவத்தினின்று தடுக்கும் எவ்விடத்துக்கும் அது எச்சரிக்கையே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்து, அரசுச் சிகிச்சை பெறுதலை உரிமையாக்கியுள்ளது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது.

இது ஜெபத்தைத் தாழ்த்துவதாகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. தனித்து வாழும் முதியோர் பலர்க்கு ஆயரின் சந்திப்பும் ஜெபமும் பெரும் ஆறுதல் என்பதை மறுப்பாரில்லை. ஜெபித்தபின் கேட்கத்தக்க வினாக்கள் உள என்பதே நம் வாதம். உறக்கம் எப்படி? உணவு செல்கிறதா? முன்பு விரும்பியவற்றில் இன்னும் விருப்பம் உண்டா? சாவை நாடும் எண்ணம் எழுகிறதா? சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். சாக நினைப்பதாகக் கூறின் ஒரு நாளும் தாமதித்தலாகாது.

கோவாவில் மனத்தளர்ச்சிக்குரிய அறிகுறிகள் தோன்றிய முதியோரிடையே, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகராய்ப் பணிபுரிந்து முழுநோயைப் பெரிதும் தடுத்தனர் என 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் உபதேசிமாரும் பெண்கள் ஐக்கியத்தாரும் இப்பயிற்சிக்குத் தகுதியற்றவரல்லர்.

ஓரேபில் தான் ஒருவனே மீந்திருப்பதாக எலியா முறையிட்டான். அவ்வதிகாரம் எலிசா அவனைப் பின்சென்று பணிவிடை செய்வதோடு முடிகிறது. திருச்சுழியிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் செல்லும் முதியவளுக்கும் உடன்வர ஒருவர் வேண்டும். அவரைச் சபை அனுப்புமாயின் நம் அருளுரையும் பொருளுடையதாகும்.