பிரவுசரில் ஓடும் டிவி நிலையம்: டேபை மூடினால் என்ன ஆகும்?

தெரிந்த ஒரு கேபிள்காரர் தன் லோக்கல் சேனலுக்குப் புது மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டார். அவருக்காகப் பார்க்க ஆரம்பித்தது, வழக்கம்போல நோட்டுப் புத்தகம் நிரம்பிவிட்டது. சின்ன நிலையங்களுக்கு என்று இப்போது காட்டப்படுவதில் பாதிக்கு மேல் வெப் மென்பொருள்தான். இன்ஸ்டால் வேண்டாம், போனிலிருந்தே ஓட்டலாம், வீட்டிலிருந்தே மாற்றலாம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் கேட்பது ஒரே கேள்வி: அந்த பிரவுசர் டேபை மூடினால் ஒளிபரப்பு என்ன ஆகும்?

இது குதர்க்கமான கேள்வி இல்லை. ஒரு லோக்கல் சேனல் என்பது ஒரு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர், பகலில் ஒரு பையன். ராத்திரி படத்தைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். திரை கறுத்தால் பார்க்க அங்கே ஆள் கிடையாது. காலையில் கீழே ஓடும் எழுத்து விளம்பரத்துக்குக் காசு கொடுத்த நகைக்கடைக்காரர் போன் பண்ணித்தான் விஷயமே தெரியும்.

இந்த வெப் கன்ட்ரோலர்கள் நிறைய பேசுவது காஸ்பர்சிஜி என்ற சர்வரோடு. ஸ்வீடன் நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.வி.டி உருவாக்கியது, 2006 முதல் ஆன்-ஏரில் ஓடுகிறது, திறந்த மூலம். ஒரு சாதாரண பிசி, ஒரு டெக்லிங்க் கார்டு இருந்தால் படமும் கிராபிக்ஸும் லேயர் லேயராக அடுக்கி வெளியே அனுப்பும். அதற்குக் கட்டளை கொடுக்கும் மொழி ஏ.எம்.சி.பி. டிசிபி 5250 போர்ட்டில் ஒரு வரி எழுதினால் போதும்: பிளே, இந்த சேனல், இந்த லேயர், இந்த கிளிப். அவ்வளவு எளிமை.

அந்த எளிமையில்தான் வினையே. பிரவுசரால் நேராக டிசிபி சாக்கெட் திறக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு நோட் சர்வர் வைத்து, பக்கத்தில் பட்டனை அழுத்தினால் வெப்சாக்கெட் வழியாக அதற்குப் போய், அங்கிருந்து காஸ்பருக்குப் போகிறது. வார இறுதியில் எழுதிவிடலாம். அடுத்து "இது முடிந்ததும் அதைப் போடு" என்று பிளேலிஸ்ட் வேண்டுமே? கவுன்ட்டவுன் ஏற்கெனவே பக்கத்தில் ஓடுகிறது, அது பூஜ்யமானதும் அடுத்த பிளேயை அனுப்பு என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செட்டைம்அவுட் போட்டுவிடுகிறார்கள். டெமோவில் பிரமாதமாக ஓடும், ஏனென்றால் டெமோவில் அந்த டேப் முன்னால் திறந்திருக்கும்.

நம் ஊர் டிவியில் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது ஒன்றுக்கு 40 மில்லிசெகண்ட். குரோமோ பின்னால் போன டேபின் டைமரை நொடிக்கு ஒரு முறையாகக் குறைத்துவிடும். 25 ஃப்ரேம் அங்கேயே போச்சு. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 இன்னும் கறார்: ஐந்து நிமிஷத்துக்கு மேல் மறைந்திருக்கும், சத்தம் போடாத பக்கத்தில், ஒன்றையொன்று கூப்பிட்டு ஓடும் டைமர்களை நிமிஷத்துக்கு ஒரு முறைதான் எழுப்பும். லேப்டாப் பேட்டரிக்கு அது நல்லது. டிவி நிலையத்துக்கு ஒரு நிமிஷக் கறுப்பு. குரோம் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அது கடிகாரமாக இருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு எரிச்சல், பச்சை விளக்கு. காஸ்பர் ஒரு கட்டளையை ஏற்றதும் 202 என்று பதில் தரும். பல பக்கங்கள் அதைப் பார்த்ததும் "ஆன் ஏர்" என்று பச்சை காட்டுகின்றன. கட்டளை நிறைவேறியது என்பதற்குத்தான் 202. கிளிப் நடுவில் நின்றுபோனால் அதே பச்சை அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இப்போது எந்த ஃபைல், எத்தனையாவது நொடி என்று காஸ்பரே ஓ.எஸ்.சி வழியாக யுடிபியில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுக் காட்டுவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

சரியாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நார்வேயின் பொது ஒளிபரப்பான என்.ஆர்.கே 2018 செப்டம்பரிலிருந்து நேரலைச் செய்திக்குத் தினமும் பயன்படுத்தும் சோஃபி. அதுவும் திறந்த மூலம், அதுவும் பிரவுசரில்தான் ஓடுகிறது. ஆனால் பிரவுசருக்கு அங்கே ரொம்பச் சின்ன வேலை: ஆபரேட்டர் "டேக்" அழுத்தினார் என்று சொல்வது, நிலவரத்தைக் காட்டுவது. எந்த நேரத்தில் எந்த லேயரில் எது இருக்கணும் என்ற டைம்லைனை சர்வர் உருவாக்கி, பிளேஅவுட் கேட்வே என்ற தனி புரோகிராமிடம் கொடுத்துவிடுகிறது. கேட்வே, "இப்போது இருக்கும் நிலை இது, இருக்க வேண்டிய நிலை இது" என்று ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு மட்டும் கட்டளை அனுப்பும். டேபை மூடுங்கள், லேப்டாப்பையே மூடுங்கள், டைம்லைன் கேட்வேயிடம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு பிரவுசரில் திறந்தாலும் இருவரும் பார்ப்பது ஒரே உண்மையை. கோடைப் படிக்கும்போது, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கைகள் நடுங்குவதைப் பார்த்தவர்கள் எழுதியது என்று தோன்றியது.

அதற்காக நம் கேபிள்காரருக்கு சோஃபியைச் சொல்வேனா? மாட்டேன். அது செய்தி ஸ்டுடியோவுக்கானது. ரன்டவுன் மேலே உள்ள செய்தி அறை சிஸ்டத்திலிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறது (கூகுள் ஷீட்டிலிருந்து எடுக்கவும் வழி உண்டு, அதை ரசித்தேன்). அதைவிடப் பெரிய சுவர் "புளூபிரின்ட்". உங்கள் நிலையம் எப்படி நிகழ்ச்சி நடத்துகிறது என்பதை ஒரு புரோகிராமர் டைப்ஸ்கிரிப்டில் எழுதித் தரணும். என்.ஆர்.கே-யில் அதற்கு ஆள் உண்டு. நம்ம ஊரில் அந்தப் பையனுக்கு எக்செல் தெரிந்தாலே பெரிய விஷயம். மோங்கோடிபி, கோர், கேட்வே என்று அத்தனையையும் ராத்திரி யார் மீட்டெடுப்பது?

சின்ன நிலையத்துக்கு வேண்டிய பாதி காஸ்பருக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. லோட்பிஜி கட்டளையோடு ஆட்டோ என்று சேர்த்தால், அடுத்த கிளிப்பைப் பின்னால் தயாராக வைத்து, இப்போதையது முடிந்ததும் தானே மாற்றிக்கொள்ளும். ஃப்ரேம் கணக்கு அதன் தலைவலி. நடு சர்வர் செய்ய வேண்டியது, எப்போதும் ஒரு கிளிப் முன்னால் இருப்பது மட்டும். நடு சர்வரே செத்தாலும் அந்த ஒரு கிளிப் ஓடும். அது இரண்டு மணி நேரப் படமாக இருந்தால் விடியும் வரை பிழைத்துக்கொள்ளலாம்!

ஓடும் எழுத்துக்கு ஃபின்லாந்தில் உருவான எஸ்.பி.எக்ஸ் போன்றவை போதும். கிராபிக்ஸை மட்டும் பார்த்துக்கொண்டு, படம் ஓட்டும் வேலையில் தலையிடாது. இங்கே வெப்புக்கு முழு மதிப்பெண் தருகிறேன். காஸ்பரின் எச்டிஎம்எல் வார்ப்புருவை வரைவது உள்ளே இருக்கும் குரோமியம் என்பதால் யூனிகோடு தமிழ் சரியாக வரும். கொம்பும் துணைக்காலும் பிரிந்து கிடக்காது.

கடைசியாக, "வீட்டிலிருந்தே மாற்றலாம்". ஏ.எம்.சி.பி-க்கு பாஸ்வேர்டே கிடையாது. ரவுட்டரில் 5250 போர்ட்டை வெளியே திறந்துவிட்டால், எங்கிருந்தோ ஒருவர் டெல்நெட்டில் கிளியர் 1 என்று அடித்து உங்கள் சேனலைக் கறுப்பாக்கலாம். அந்தப் போர்ட் அந்த ரூமைத் தாண்டக் கூடாது. வெளியிலிருந்து வர விபிஎன் போடணும், இல்லை என்றால் நடு சர்வரில் ஒழுங்கான லாகின் வேண்டும்.

கேபிள்காரரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. டெமோவுக்குப் போகும்போது, பிளேலிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த டேபை மூடச் சொல்லுங்கள், அடுத்த கிளிப் வருகிறதா என்று நின்று பாருங்கள், அதுக்கப்புறம் விலை பேசுங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.