பார்ப்பதற்கான தண்ணீர்

தமிழ் இலக்கியத்தில் கணவனும் மனைவியும் ஒரு நாளைச் சும்மா கழிப்பதில்லை. கல்யாணத்துக்கு முன் ஏங்குவார்கள். பின்னால் ஊடுவார்கள், பிரிவார்கள், சமைப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் காலை பத்து மணிக்குச் சுட்ட சோளத்தோடு உட்கார்ந்து, இருட்டும்வரை வேறு ஜோலியில்லாமல் இருக்கும் ஒரு தம்பதியை நம் எழுத்து நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இதை ஒரு குறை என்றே நினைக்கிறேன்.

முதலில் 'ஏரி' என்ற சொல். நான் வேலை பார்க்கும் திருவள்ளூர்ப் பக்கத்தில் ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், பாசனம். புழல், சோழவரம், 1944ல் கட்டி முடித்த பூண்டி இவையெல்லாம் பட்டணத்துக் குழாய்க்கு. நிறைந்த ஏரியைக் கண்டால் எத்தனை அடி என்றுதான் கேட்போம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலிலும் தண்ணீர் குடங்களால் அளக்கப்படுவது. கொடைக்கானல் ஏரி இந்தச் சொல்லுக்குள் அடங்காது. 1845ல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வீடு கட்டிக்கொண்ட மலை அது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் அங்கே ஓர் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். வயலுக்காக அல்ல. பார்க்க, படகு விட, சுற்றி நடக்க. ஆக, பார்ப்பதற்கான தண்ணீர் நமக்குப் புதிது. அதன் எதிரில் என்ன செய்வது என்பதற்கு மரபு எதுவும் கைகொடுப்பதில்லை.

கைகொடுக்கும் என்பார்கள். குறிஞ்சி இருக்கிறதே, மலையும் புணர்ச்சியும் அங்கே சேர்த்தே வைக்கப்பட்டிருக்கின்றனவே என்பார்கள். ஆனால் குறிஞ்சித் தலைவிக்கு மலையில் வேலை இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறாள். அவள் வேலை செய்யும் இடத்துக்குத் தலைவன் வருகிறான். விடுமுறைத் தம்பதி போவதோ மற்றவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு. குதிரைக்காரனும் படகுக்காரனும் சோளம் சுடுகிறவளும்தான் அங்கே மலைவாசிகள். நீர் விளையாட்டைத் தேடினால் மருதத்துக்கு வரவேண்டும். அங்கே தலைவன் புதுப்புனலாடுவது பெரும்பாலும் பரத்தையோடு. மனைவிக்கு மிஞ்சுவது ஊடல். உல்லாசம் ஒருத்திக்கு, உரிமை இன்னொருத்திக்கு என்ற இந்தப் பங்கீடு திணை மரபோடு ஒழிந்துவிடவில்லை.

சினிமாவைப் பாருங்கள். ஸ்ரீதர் காஷ்மீருக்குப் போய் எடுத்த 'தேன்நிலவு' (1961) படத்தில் தேன்நிலவுக்குப் போகிற தம்பதி தங்கவேலுவும் எம். சரோஜாவும். அவர்கள் சிரிப்புக்கு. ஏரியும் பாட்டும் இன்னும் மணமாகாத ஜெமினி கணேசனுக்கும் வைஜயந்திமாலாவுக்கும். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) இதைவிட மிக நுட்பமான படம். கேத்தியின் அந்த நிதானமான பகல்களில் ஓர் ஆணும் பெண்ணும் உண்மையிலேயே சும்மா இருக்கிறார்கள். ஆனால் அவள் நினைவிழந்து குழந்தையாகிவிட்டவள். நினைவு திரும்பியதும் ரயில் புறப்பட்டுவிடுகிறது. சும்மா இருப்பதற்கு அந்தப் படம் கேட்கும் விலை நினைவு.

தமிழனின் தனிக் கோளாறு என்று இதைச் சொல்ல மாட்டேன். செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி' (1899) கதையில், யால்டா ஹோட்டல் அறையில் குரோவ் தர்ப்பூசணியை வெட்டி மெதுவாகத் தின்கிறான். அரைமணி நேரம் மௌனமாகக் கழிகிறது. ஓய்வின் கனத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இடம் அதிகம் இல்லை. அந்த இருவரும்கூடத் தம்பதி அல்ல. ரகசியம் இருப்பதால் மௌனத்துக்கு ஒரு இழுவிசை கிடைத்துவிடுகிறது. ரகசியமே இல்லாத இருவரின் மௌனத்தை எழுதுவது இன்னும் கடினம். பிரச்னை, திருப்பம், முடிவு என்று பழகிய நம் சிறுகதை உருவத்துக்கு அங்கே பிடிமானம் கிடையாது. வாரப் பத்திரிகைக் கதாசிரியர் ஏரிக்கரையில் ஒரு பழைய காதலியைக் கொண்டுவந்து நிறுத்தித் தப்பித்துவிடுவார்.

நம்மவர்கள் தப்பிப்பது வேறு வழியில், இகழ்ச்சியால். 'நடுத்தர வர்க்கத்து உல்லாசம்' என்று ஒதுக்கிவிட்டால் எழுத வேண்டியதில்லை. வங்கி குமாஸ்தாவான எனக்கு இந்த இகழ்ச்சி பிடிபடவில்லை. எங்களுக்கு மலைக்குப் போகும் செலவே ஊழியர் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. விடுமுறை என்பது யாரோ பேசி, போராடி வாங்கிய காலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குக் கொடைக்கானல் எட்டாது. பக்கத்தில் பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. அங்கே 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறையைக் கழிக்கக் குடும்பமாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தண்ணீரின் மேல் ஒரு மணி நேரம் சும்மா இருக்க ஆசைப்பட்டதை அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஏரிப் பிரதேசத்துக்கு வழிகாட்டி நூல் எழுதிய வேர்ட்ஸ்வொர்த்தே, 1844ல் விண்டர்மியருக்கு ரயில் வருவதை எதிர்த்தார். காட்சியை ருசிக்கத் தெரியாத கூட்டம் வந்துவிடும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததற்குக் காரணம் வேறு. மலை தாங்காது என்பது நியாயம். இவர்களுக்கு ருசி இல்லை என்பது நியாயம் அல்ல, அகங்காரம். நம் இகழ்ச்சி இரண்டாவது வகை.

மத்தியானம் மூன்று மணி. படகு முடிந்தது, போட்டோ முடிந்தது, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. மூடுபனி இறங்கி ஏரியை மறைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தவளிடம் சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் இல்லை. அது வெறுமையா நிறைவா என்று அவர்களுக்கே தெரியாது. அந்த மூன்று மணியை யாராவது எழுதிக் காட்டட்டும். நவீனத் திணை பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.